ஹாவொர்த்தின் தண்ணீர்

ஃபிக்ஹுக் கிதாபுகளைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவது தண்ணீர்தான். தொழுகைக்கு முன்னே, நோன்புக்கு முன்னே, ஸகாத்துக்கும் ஹஜ்ஜுக்கும் முன்னே தண்ணீரின் வகைகளைப் பற்றிய பாடம் வந்து நிற்கும். தானும் தூயதாய்ப் பிறவற்றையும் தூய்மையாக்கும் நீர் எது, தான் தூயதாய் இருந்தும் பிறவற்றைத் தூய்மையாக்காத நீர் எது, அசுத்தமான நீர் எது என்று அது பகுத்துரைக்கும். நிறம், சுவை, மணம் என்னும் மூன்று குணங்களைக் கொண்டு உரைத்துப் பார்க்கச் சொல்லும். இரண்டு குல்லத்தளவுக்கு மேற்பட்ட நீரில் அசுத்தம் விழுந்தாலும் இம்மூன்றில் ஒன்றேனும் மாறாத வரையில் அது தூயதே என்பது நம் ஷாஃபியீ இமாமவர்களின் வழி. முப்பது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். கிதாபைப் பாராமலே சொல்லுமளவுக்கு அது நாவில் பதிந்துவிட்டது. அப்பாடத்தில் நான் கவனியாது விட்ட ஓரிடம் உண்டு என்பதை, இங்கிலாந்தின் வடபுலத்து மலையூர் ஒன்றில், கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது உணர்ந்தேன்.

என் மகள் தன் கணவரோடு பிராட்ஃபோர்டு நகரில் வாழ்கிறாள். விடுமுறைக்கு அவர்களோடு சில வாரங்கள் தங்கியிருந்தபோது, "வாப்பா, ஹாவொர்த்துக்குப் போய் வருவோம், நான் கல்லூரியில் படித்த நாவல்களெல்லாம் பிறந்த ஊர்" என்று அழைத்தாள். நாவல்களில் எனக்கு அவ்வளவாக நாட்டமில்லை. ஆயினும் மகள் அழைக்கும்போது மறுப்பது எங்ஙனம்?

கீத்லி என்னும் ஊரிலிருந்து நீராவி வண்டி ஒன்று அந்தப் பள்ளத்தாக்கின் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. 1867-இல் அப்பாதை திறக்கப்பட்ட காலத்தில் ஆலைகளுக்கு நிலக்கரியும் ஆலைகளிலிருந்து சரக்கும் சுமப்பதே அதன் தலையாய பணி. 1962-இல் அரசினர் அதனை மூடிவிட்டனர். ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் சங்கம் அமைத்து விலைக்கு வாங்கி 1968-இல் மீண்டும் ஓடவிட்டனர். இன்று அது சுமப்பது சுற்றுலாப் பயணிகளை. பெட்டியின் சன்னல் வழியே பார்த்தால் ஓடையோரத்தில் கருத்த கல்லாலான பழைய ஆலைக் கட்டடங்கள் தெரிகின்றன. புகைபோக்கிகள் புகையை மறந்து நெடுநாளாயின.

நிலையத்தை விட்டிறங்கி மேடேறினால் கல் பாவிய செங்குத்தான தெரு. ஏறும்போது என் முழங்கால்கள் என் வயதை எனக்கு ஓதிக் காட்டின. இருமருங்கும் தேநீர்க் கடைகள், மிட்டாய்க் கடைகள், சவர்க்காரக் கடைகள். தெருவின் தலையில் தேவாலயம், அதனருகே மதுக்கடை, தேவாலயத்தைச் சூழ்ந்து கல்லறைகள், கல்லறைகளுக்கு அப்பால் பாதிரியாரின் இல்லம், அதற்கும் அப்பால் மரமற்ற புல்வெளி மேடுகள். ஊர் இவ்வளவே.

ஆங்கிலத் திருச்சபையின் ஆட்சி 'பங்கு' என்னும் அலகைக் கொண்டது. நம் மஹல்லாவுக்கு ஒப்பாக அதைச் சொல்லலாம். ஆயினும் அந்நாளில் ஊர்வரி, ஏழைகளைப் பேணல், பிறப்பு இறப்புப் பதிவு எனப் பலவும் அதனோடு பிணைந்திருந்தன. ஹாவொர்த் நெடுங்காலம் தனிப் பங்காக இருந்ததில்லை; பிராட்ஃபோர்டு பங்கின் கீழ் ஒரு கிளையாகவே இருந்தது. 1742 முதல் 1763-இல் தாம் இறக்கும் வரை இங்கே பணியாற்றிய வில்லியம் கிரிம்ஷா என்பாரைப் பற்றி ஊரார் இன்றும் ஒரு கதை சொல்வர். தேவாலயத்தில் நீண்டதொரு சங்கீதத்தைப் பாடச் சொல்லிவிட்டு, அது முடிவதற்குள் கையில் சாட்டையோடு மதுக்கடைக்குச் சென்று, அங்கிருந்தோரைத் தேவாலயத்துக்கு ஓட்டி வருவாராம். பாங்கு சொன்ன பின்பும் தேநீர்க் கடை பெஞ்சை விட்டு எழாத நம் இளைஞர்களை எண்ணிப் பார்த்தேன். பாதிரியார்மீது எனக்குச் சிறிது பொறாமையே உண்டாயிற்று.

கம்பளியே இவ்வூரின் தொழில். நீண்ட இழைகளைச் சிக்கெடுத்துச் சீவி, இணையாக்கி, முறுக்கி நூற்கும் வகைக் கம்பளிக்கு இந்த வட்டாரம் பெயர் பெற்றது. நூற்கும் எந்திரங்கள் ஆலைகளுக்குள் புகுந்த பின்னரும் சீவும் வேலை கைத்தொழிலாக வீடுகளிலேயே நடந்தது. சீப்பின் இரும்புப் பற்களைச் சூடாக வைத்திருத்தல் வேண்டும். அதற்காக அறைக்குள் இரவும் பகலும் கரி அடுப்பு எரியும். வெப்பம் குறையலாகாது என்பதற்காகச் சன்னல்கள் அடைத்தே கிடக்கும். அதே அறையில்தான் உண்பது, உறங்குவது, பிள்ளை பெறுவது, நோயுறுவது. 1840-களிலும் 50-களிலும் சீவும் எந்திரமும் வந்து சேர்ந்தபோது அந்தப் புகை நின்றது. கூடவே சோறும் நின்றது. ஆலைக்குப் போகாதவர்கள் கல் வெட்டினார்கள். பிள்ளைகளும் ஆலைக்குப் போனார்கள். எட்டு வயதுப் பிள்ளை அரைநாள் வேலை செய்யலாம் என்பது 1844-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சலுகை!

இந்த ஊருக்குத்தான் 1820-இல் பாட்ரிக் பிராண்டே என்னும் அயர்லாந்துக்காரர் பாதிரியாராக வந்தார். எளிய குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்றவர். மனைவியும் ஆறு குழந்தைகளும் உடன் வந்தனர். மறு ஆண்டே மனைவி மறைந்தார். 1825-இல் மூத்த பெண்மக்கள் இருவரும், பதினொரு வயதிலும் பத்து வயதிலும், ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். எஞ்சிய நால்வருள் சார்லட், எமிலி, ஆன் என்னும் மூன்று பெண்களே ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்ற பெயர்கள். மகன் பிரான்வெல் குடியிலும் அபினியிலும் தன்னை அழித்துக்கொண்டார். பெண்களின் நூல்கள் 1847-இல் வெளிவந்தன. 1848 செப்டம்பரில் மகன் இறந்தார், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். முதியவருக்கு எஞ்சியவர் சார்லட் ஒருவரே. அவரும் 1855-இல் போய்ச் சேர்ந்தார். மக்கள் அறுவரையும் இழந்த பின்னர், 1861-இல், தம் எண்பத்து நான்காம் வயதில் தந்தை கண்மூடினார்.

வருகிறவர்கள் எல்லாம் இந்தக் குடும்பத்தின் துயரைத் தேடியே வருகிறார்கள். இல்லம் 1928 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதனை வாங்கி வழங்கியவர் இதே ஊரில் பிறந்து, சிறுவனாக ஆலை வேலைக்குப் போய், பின்னர் சால்ட்டேர் ஆலையின் அதிபராக உயர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்ஸ். என் மகள் அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருந்த சின்னஞ்சிறு கையெழுத்துப் படிகளில் ஆழ்ந்திருந்தாள். நான் வெளியே வந்து கல்லறைகளிடையே நடந்தேன்.

நம் மையவாடியில் ஒரு மீசான் கல்லோடு காரியம் முடிந்துவிடும். அங்கோ தரை தெரியாதவாறு பலகை போன்ற பெருங்கற்கள் கிடத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பெயர்கள் வரிசையாக இறங்கி வருகின்றன. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்குமளவுக்கே எனக்குத் தெரியும். எண்களைப் படிக்க அதுவும் வேண்டியதில்லை. எட்டு மாதம். ஒரு வயது. மூன்று வாரம். இரண்டு வயது. ஒரே கல்லில், ஒரே தாயின் பெயருக்குக் கீழே, மீண்டும் மீண்டும். இத்தனைக்கும் கல் வாங்கப் பணம் இருந்தவர்களின் கணக்குதான் இது. கல்லில்லாதவர்கள் புல்லுக்கடியில் பெயரின்றிக் கிடக்கிறார்கள். தலைக்கு மேலே உயர்ந்த மரங்களில் காக்கைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன.

மகள் தேடி வந்து பக்கத்தில் நின்றாள். "இவ்வளவு பிள்ளைகளா? கொள்ளைநோய் ஏதும் வந்ததா?" என்று கேட்டேன். "தண்ணீர், வாப்பா" என்றாள். அருங்காட்சியகத்தில் வாங்கிய புத்தகத்திலிருந்து அவள் படித்துப் பொருள் சொல்லச் சொல்ல, ஒரு கல்லின் விளிம்பில் அமர்ந்து கேட்டேன்.

1850 ஏப்ரலில் அரசாங்கச் சுகாதார வாரியத்தின் அதிகாரி ஒருவர் இவ்வூருக்கு வந்தார். பெயர் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ். கணக்கிடும் எந்திரத்தை வகுத்த சார்ல்ஸ் பாபேஜின் மகன். தெருத்தெருவாகப் போய்க் கழிப்பிடங்களை எண்ணினார். அறுபத்தொன்பது இருந்தன, நாலரை வீட்டுக்கு ஒன்று. சாக்கடை என ஒன்றில்லை. திறந்த வாய்க்கால்களும் வீட்டோரக் குப்பைமேடுகளுமே இருந்தன. ஒரு கழிப்பிடத்தின் மலக்குழி கதவு வழியாகப் பெருந்தெருவை நோக்கித் திறந்தது. பாரம் தாங்காமல் அக்கதவு சிலவேளை பிளந்து, உள்ளிருப்பதெல்லாம் தெருவில் வழியும். அங்கிருந்து இரண்டு கஜத்தில் ஊரார் குடிநீர் பிடிக்கும் குழாய்! ஏழைகள் நம்பியிருந்த ஊற்றில் கோடைக்காலத்தில் நீர் நூலாக ஒழுகும். திங்கட்கிழமைத் துணி வெளுப்புக்காகப் பெண்கள் நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் வாளியோடு போய்க் காத்திருப்பர். அந்நீர் பச்சை பூத்து நாறும்போது மாடுகள் வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்று அவர் எழுதினார். கல்லறை நிலமோ மேட்டில், வீடுகள் சரிவில். அதற்கு முந்திய பத்தாண்டுகளில் மட்டும் அங்கே 1,344 சவங்கள் அடக்கப்பட்டிருந்தன. கிடத்திய பெருங்கற்கள் புல் பூண்டு முளைக்கவொட்டாமல் தடுப்பதால் உடல்கள் மண்ணோடு கலப்பதும் தடைப்படுகிறது என்பது அவர் கண்டது. நான் பார்த்த மரங்கள் பின்னர் 1860-களில் இதற்காகவே நடப்பட்டவையாம்.

இறப்புக் கணக்கையும் அவர் எடுத்தார். இறந்தவர்களின் சராசரி வயது 25.8. பிறந்த நூறு பிள்ளைகளுள் நாற்பத்தொருவருக்கு மேல் ஆறு வயதைக் காணவில்லை. மலைக்காற்று வீசும் இந்தச் சிற்றூரின் சாவுக் கணக்கு லண்டனின் மிக நெருக்கமான ஏழைச் சேரிகளின் கணக்கோடு ஒத்திருந்தது.

இதைக் கேட்டபோது, தண்ணீர்த் துறையிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயலென எம்பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் நினைவில் எழுந்தது. அம்மூன்றில் இரண்டு ஹாவொர்த்தின் ஒரே கதவடியில் கூடியிருந்தன.

அந்த அதிகாரியைத் தருவித்தவர் யாரென்று மகள் படித்தாள். மூன்று பிள்ளைகளை எட்டே மாதத்தில் இழந்திருந்த அதே பாட்ரிக் பிராண்டே! கடைசி மகளை இழந்த மூன்று மாதத்தில், 1849 ஆகஸ்டில், எழுபத்திரண்டு வயது முதியவர் ஊராரிடம் கையொப்பம் வாங்கிச் சுகாதார வாரியத்துக்கு மனு அனுப்பினார். வரி செலுத்துவோரில் பத்தில் ஒருவர் கேட்டால் வாரியம் வந்து பார்க்க வேண்டும் என்று 1848-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டார். பதில் தாமதமானபோது மீண்டும் எழுதினார், பின்னும் எழுதினார். அவர் வீட்டில் தனிக் கிணறு இருந்தது. 1847-இல் அதைத் தூர்வாரியபோது துருவேறி இற்றுப்போன தகரக் கலங்கள் அகப்பட்டன. அவற்றால் நீர் மஞ்சளித்திருந்தது. தம் கிணற்றைச் சுத்தம் செய்துகொண்டு அவர் வாளா இருந்திருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

எதிர்த்தவர்களும் ஊராரே. சொந்த ஊற்றும் குழாயும் உடையோர், தமக்குத் தேவையற்ற தண்ணீருக்குத் தாம் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்றனர். எதிர் மனுக்கள் போயின. விலக்குக் கேட்டுக் கடிதங்கள் போயின. அறிக்கை அச்சாகி ஆண்டுகள் பல கடந்து, 1850-களின் பிற்பகுதியில்தான் ஊருக்கு நீர்த்தேக்கம் வாய்த்தது. ரூமா கிணற்றைத் தம் பொருளைக் கொடுத்து வாங்கி மக்கள் அனைவருக்கும் வக்ஃபு செய்த ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களைப் போன்ற ஒரு செல்வர் ஹாவொர்த்தில் அன்று இல்லை போலும்.

எல்லாச் சாவையும் தண்ணீரின் மேல் ஏற்றுவது நியாயமன்று. பிராண்டே மக்கள் பலரை அழித்தது காசநோய் என்பர். அது புகையும் நெருக்கமும் வளர்த்த நோய். பாபேஜும் அக்காலத்தவரும் நோய்க்குக் காரணம் துர்நாற்றமே என நம்பியிருந்தனர். காலராவின் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டது 1884-இல்தான். மூக்கை நம்பிப் போனவர்களாயினும் சாக்கடையையும் நல்ல நீரையும் கேட்டதால் அவர்கள் கேட்டது சரியாகவே அமைந்தது. ஆனால் நாறாத நீர்? தெளிந்து, சுவை மாறாமல், பளிங்குபோல் நின்று கொல்லும் நீர்?

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓதி முடித்து ஸனது வாங்கிய புதிதில் கடற்கரையூர் ஒன்றின் மத்ரஸாவில் பணிக்குச் சேர்ந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். அவ்வூரின் கீழத்தெருவில் பொதுக்கிணறு ஒன்று. அதற்கு மேற்கே, சுவருக்கு அப்பால், பெரிய வீடுகளின் மலக்குழிகள். ஒருநாள் மஃக்ரிபுக்குப் பின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "உஸ்தாது, கீழத்தெருப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்குப் போகிறது. கிணறு கெட்டுப்போயிருக்கும் போலத் தோன்றுகிறது. ஜும்ஆ பயானில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மேலத்தெருவார் குழியை மாற்றுவார்கள்" என்றார். மேலத்தெருவார்தாம் ஜமாஅத்தில் தலைமை. என் சம்பளம் அவர்கள் கையில். நான் அந்தக் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி இறைக்கச் சொன்னேன். நிறம் பார்த்தேன், முகர்ந்தேன், ஒரு வாய் பருகினேன். மூன்று குணமும் மாறவில்லை. இரண்டு குல்லத்துக்கு எத்தனையோ மடங்கு நீர். "தண்ணீர் சுத்தமானது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கிதாபுகளின் வாசகங்களையும் அரபியில் ஓதிக் காட்டினேன். அவர் என்னை ஒருகணம் பார்த்தார். "ஒளுச் செய்வதைப் பற்றி நான் கேட்கவில்லையே, உஸ்தாது" என்றார். ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் கீழத்தெருவில் வாந்திபேதி கண்டது. மூன்று ஜனாஸாக்கள், மூன்றும் சிறியவை. அவற்றுள் ஒன்று என்னிடம் அலிஃப் பா ஓதிக்கொண்டிருந்த பையனுடையது. மூன்றுக்கும் நானே தொழுவித்தேன். குளிப்பாட்டிய தண்ணீரும் அதே கிணற்றுத் தண்ணீர்.

நான் சொன்ன சட்டம் தவறன்று. இன்றும் அதையே நடத்துகிறேன். தொழுகைக்குரிய தூய்மையை அளக்க வந்த அளவுகோலைக் கொண்டு பிள்ளையின் உயிரை அளந்தேன். தீங்கு செய்தலாகாது, தீங்குக்குத் தீங்கும் ஆகாது என்னும் மற்றொரு பெருவிதியும் அதே அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்துப் புரட்டியிருந்தால் மேலத்தெருவுக்கு முன்னால் நின்று பேசியிருக்க வேண்டும்.

"வாப்பா, களைப்பாக இருக்கிறதா?" என்று மகள் கேட்டாள். இல்லையென்றேன். அஸர் நேரம் நெருங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தின் பின்புற வழியே புல்வெளி மேட்டுக்கு ஏறினோம். ஒரு கல்சுவரின் மறைவில் மருமகன் தம் புட்டியிலிருந்து ஊற்ற, ஒளுச் செய்தேன். புட்டியின் நீர் பிராட்ஃபோர்டுக் குழாயில் பிடித்தது. அங்கேயே தொழுதோம். கண்ணுக்கெட்டிய தூரம் கல்சுவர்களும் ஆடுகளும் காற்றும்.

திரும்பும்போது கீத்லியில் வண்டிக்காகக் காத்திருந்தோம். மீர்ப்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். என் அரபியும் அவர் உருதும் மகளின் ஆங்கிலமும் கலந்து உரையாடல் நடந்தது. 1960-களில் மங்களா அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களுள் ஒன்று அவருடையது. ஓரிலட்சம் பேர் வரையில் இடம் பெயர்ந்தனர். அவர்களுள் பலர் இந்தப் பள்ளத்தாக்கின் ஆலைகளுக்கு வந்தனர். வெள்ளையர் விரும்பாத இரவு முறை வேலையைப் பல ஆண்டுகள் இவரைப் போன்றோரே செய்தனர். ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடிய பின்னரும் அவர்கள் இங்கேயே தங்கினர். "ஹாவொர்த்துக்குப் போனீர்களா? என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார். கல்லறைகளைப் பார்த்தோம் என்றேன். "எங்கள் பாட்டனார்களின் கபுர்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன" என்றார். கோடையில் அணை வற்றும்போது ஊரிலிருப்போர் சிலர் போய்த் தேடிப் பார்த்து, ஃபாத்திஹா ஓதி வருவார்களாம்.

அன்றிரவு மகள் வீட்டு மேசையில் அமர்ந்து அந்த இளைஞருக்கு ஒரு மடல் எழுதத் தொடங்கினேன். இளைஞர் என்கிறேன், அவருக்கும் இப்போது தாடி நரைத்திருக்கும். ஸலாம் எழுதினேன், நலம் விசாரித்தேன், பையனின் பெயரை எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். மடல் என் கிதாபுக்குள், தண்ணீர்ப் பாடத்துப் பக்கத்தில், மடித்த மேனிக்கே இருக்கிறது.